கோள்கள் சாய்ந்து சுழல்வது ஏன்? பருவமழை முதல் யுரேனஸ் வரை ஒரு விரிவான விளக்கம்

புதுதில்லி: மத்தியப் பிரதேசத் தலைநகர் போபாலிலிருந்து சாஞ்சி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், சாலையின் குறுக்கே தீட்டப்பட்ட கோடு ஒன்றின் அருகே பயணிகள் வாகனங்களை நிறுத்திப் புகைப்படம் எடுத்துக்கொள்வது வழக்கம். கடக ரேகை கடந்து செல்லும் இடத்தைக் குறிக்கும் அடையாளம் அது. குஜராத் முதல் மிசோரம் வரை இந்தியாவின் எட்டு மாநிலங்கள் வழியாகச் செல்லும் இந்த ரேகை, வரைபடத்தில் அசைவற்றதாகத் தோன்றுகிறது. உண்மையில் அது ஆண்டுக்குச் சராசரியாக 14 மீட்டர் அளவுக்குத் தெற்கு நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. பூமியின் அச்சுச் சாய்வு மிக மெதுவாகக் குறைந்து வருவதே இதற்குக் காரணம்.

கோடை, குளிர், பருவமழை என நாட்டின் வேளாண்மையையும் வாழ்க்கையையும் தீர்மானிக்கும் யாவும் இந்தச் சாய்வைச் சார்ந்தே நிகழ்கின்றன. ஆனால் சூரியக் குடும்பத்தின் எட்டுக் கோள்களும் ஒரே அளவில் சாய்ந்திருக்கவில்லை. வியாழன் ஏறக்குறைய நிமிர்ந்து சுழல்கிறது. யுரேனஸ் படுத்தபடி உருள்கிறது. வெள்ளியோ தலைகீழாகக் கவிழ்ந்ததுபோல் எதிர்த்திசையில் சுழல்கிறது. ஒரே வாயு மேகத்திலிருந்து, ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்த கோள்களுக்கு இத்தனை வேறுபாடு எங்கிருந்து வந்தது?

அச்சுச் சாய்வு என்பது என்ன?

ஒரு பெரிய தாம்பாளத்தின் நடுவில் விளக்கு ஒன்று எரிவதாகவும், அதைச் சுற்றிப் பம்பரம் ஒன்று சுழன்றபடி வலம் வருவதாகவும் கொள்வோம். விளக்கு சூரியன், பம்பரம் கோள், தாம்பாளத்தின் பரப்பு அந்தக் கோளின் சுற்றுப்பாதைத் தளம். பம்பரத்தின் ஆணி தாம்பாளத்துக்குச் செங்குத்தாக நின்றால் சாய்வு 0 பாகை. பம்பரம் முழுவதும் படுத்துவிட்டால் 90 பாகை. தலைகீழாகக் கவிழ்ந்து சுழன்றால் 180 பாகை. இவ்வாறு, தன் சுற்றுப்பாதைத் தளத்துக்கு வரையப்படும் செங்குத்துக் கோட்டிலிருந்து ஒரு கோளின் சுழல் அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே அச்சுச் சாய்வு ஆகும்.

எட்டுக் கோள்களின் இன்றைய சாய்வு (தோராயமாக):

புதன் - 0.03 பாகை
வெள்ளி - 177.4 பாகை
பூமி - 23.4 பாகை
செவ்வாய் - 25.2 பாகை
வியாழன் - 3.1 பாகை
சனி - 26.7 பாகை
யுரேனஸ் - 97.8 பாகை
நெப்டியூன் - 28.3 பாகை

சாய்வு இல்லையேல் பருவமழை இல்லை

சூரியனுக்கு அருகில் செல்லும்போது கோடையும், விலகிச் செல்லும்போது குளிரும் வருவதாகப் பலர் எண்ணுகின்றனர். இது தவறு. பூமி சூரியனுக்கு மிக அருகில் (சுமார் 14.7 கோடி கிலோமீட்டர்) வருவது வட இந்தியா குளிரில் நடுங்கும் ஜனவரி முதல் வாரத்தில்தான். மிகத் தொலைவில் (சுமார் 15.2 கோடி கிலோமீட்டர்) இருப்பது ஜூலை முதல் வாரத்தில்.

பருவங்களுக்குக் காரணம் தொலைவு அன்று, சாய்வே. பூமி சூரியனைச் சுற்றி வரும் ஆண்டு முழுவதும் அதன் அச்சு விண்வெளியில் ஒரே திசையை, அதாவது துருவ நட்சத்திரம் இருக்கும் திசையை நோக்கியே நிற்கிறது. எனவே ஜூன் மாதத்தில் வட அரைக்கோளம் சூரியன் பக்கம் சாய்ந்திருக்கிறது. டிசம்பரில் சூரியனிடமிருந்து விலகிச் சாய்ந்திருக்கிறது. தில்லியில் ஜூன் 21 அன்று நண்பகல் சூரியன் தொடுவானிலிருந்து ஏறத்தாழ 85 பாகை உயரத்தில், உச்சியை நெருங்கி நிற்கிறது. டிசம்பர் 21 அன்று அதே நண்பகலில் 38 பாகை உயரத்துக்கு மேல் அது ஏறுவதில்லை. பகல் நேரமும் ஏறத்தாழ 14 மணி நேரத்திலிருந்து 10 மணி நேரம் சொச்சமாகச் சுருங்குகிறது.

சூரியன் வடக்கு நோக்கி நகரும் மாதங்களில் இந்தியத் துணைக்கண்டத்தின் நிலப்பரப்பு கடலைவிட விரைவாகச் சூடேறுகிறது. அந்த வெப்ப வேறுபாடே ஈரக்காற்றைக் கடலிலிருந்து நிலத்துக்கு இழுக்கிறது. வழக்கமாக ஜூன் முதல் நாளையொட்டிக் கேரளத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையின் மூல விசை இதுவே. பூமியின் அச்சு நிமிர்ந்து நின்றிருந்தால் சூரியன் ஆண்டு முழுவதும் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலேயே நிற்கும். காற்றின் திசை பருவத்துக்குப் பருவம் மாறாது. இன்று நாம் அறிந்த பருவமழையும் இருக்காது.

இந்தச் சாய்வின் எல்லைக்கோடே கடக ரேகை. அதற்குத் தெற்கே உள்ள சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுப்பகுதியிலுமாக ஆண்டுக்கு இருமுறை சூரியன் சரியாக உச்சிக்கு வருகிறது. செங்குத்தாக நிற்கும் பொருளுக்குப் பக்கவாட்டில் நிழல் விழாத 'நிழலில்லா நாள்' அதுவாகும். ரேகைக்கு வடக்கே உள்ள தில்லிக்கு அந்த நாள் ஒருபோதும் வாய்ப்பதில்லை.

இந்திய வானியலாளர்கள் இச்சாய்வை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். ஆரியபட்டரும் சூரிய சித்தாந்தமும் தங்கள் கணக்குகளில் இதனை 24 பாகை எனக் கொண்டனர். 18-ஆம் நூற்றாண்டில் மன்னர் இரண்டாம் சவாய் ஜெய்சிங் ஜெய்ப்பூரில் எழுப்பிய ஜந்தர் மந்தரின் சாம்ராட் யந்திரத்தில், ஏறத்தாழ 27 மீட்டர் உயரம் எழும் சாய்சுவர் பூமியின் அச்சுக்கு இணையாக அமைக்கப்பட்டுள்ளது. அச்சு வானில் எந்தப் பக்கம் நோக்குகிறது என்பதைக் கல்லில் காணலாம்.

பிறப்பில் நிமிர்ந்திருக்க வேண்டியவை

சுமார் 460 கோடி ஆண்டுகளுக்கு முன் வாயுவும் தூசும் நிறைந்த மேகம் ஒன்று தன் ஈர்ப்பாலேயே சுருங்கத் தொடங்கியது. கைகளை உடலோடு ஒடுக்கிக்கொள்ளும் நடனக் கலைஞர் வேகமாகச் சுழல்வதுபோல, சுருங்கச் சுருங்க அதன் சுழற்சி வேகம் கூடியது. இயற்பியலில் இதனைக் கோண உந்த அழிவின்மை விதி என்பர். சுழலும் மேகம் தட்டையான வட்டாகப் பரவியது. நடுவில் சூரியனும், வட்டில் கோள்களும் உருவாயின.

கோள்கள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே தளத்தில், ஒரே திசையில் சூரியனைச் சுற்றுவதற்கு இந்த வட்டே காரணம். அதே வட்டிலிருந்து வாயுவையும் தூசையும் சீராகத் திரட்டி வளர்ந்த கோள், அந்த வட்டுக்குச் செங்குத்தான அச்சில் சுழல வேண்டும் என்பதே எளிய எதிர்பார்ப்பு. பெருமளவு வாயுவைத் திரட்டி வளர்ந்த வியாழன் இந்த எதிர்பார்ப்புக்கு இணங்க நிற்கிறது. அதன் சாய்வு 3 பாகை மட்டுமே.

எனவே, சாய்ந்து நிற்கும் ஒவ்வொரு கோளும் பிறப்பின்போதோ பிறந்த பின்னரோ ஏதோ ஓர் இடையூறைச் சந்தித்திருக்கிறது. சுழலும் பொருளின் அச்சைத் திருப்ப, வெளியிலிருந்து விசை தேவை. அந்த விசை திடீரென விழுந்த அடியாக இருக்கலாம். கோடிக்கணக்கான ஆண்டுகள் நீடித்த மெல்லிய இழுப்பாகவும் இருக்கலாம். விஞ்ஞானிகள் முன்வைக்கும் காரணங்களை இவ்விரண்டு வகைகளுக்குள் அடக்கலாம்.

முதற் காரணம்: பெருமோதல்கள்

பாறைக் கோள்கள் சீராகத் திரண்டு வளரவில்லை. அவற்றின் வளர்ச்சியின் இறுதிக் கட்டத்தில் நிலவு அளவிலும் செவ்வாய் அளவிலுமான இளங்கோள்கள் ஒன்றோடொன்று மோதி இணைந்தன. நடுமையத்தை விட்டு விலகி ஒரு பக்கமாகத் தாக்கும் ஒவ்வொரு மோதலும், சுழலும் பம்பரத்தின் விளிம்பில் விரலால் தட்டுவதற்கு ஒப்பானது. பம்பரத்தின் வேகமும் மாறும், சாய்வும் மாறும். மோதல்கள் எத்திசையிலிருந்தும் வரலாம் என்பதால், இறுதியில் ஒரு கோளுக்குக் கிடைக்கும் சாய்வும் பெரும்பாலும் தற்செயலின் விளைவே.

பூமியும் இதற்கு விலக்கன்று. ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகளுக்கு முன், 'தேயா' என விஞ்ஞானிகள் பெயரிட்டுள்ள, செவ்வாய் அளவிலான ஓர் இளங்கோள் பூமியின் மீது பக்கவாட்டில் மோதியது என்றும், சிதறிய பொருளிலிருந்து நிலவு உருவானது என்றும் பரவலாக ஏற்கப்பட்ட கோட்பாடு கூறுகிறது. அப்பல்லோ பயணங்களில் கொண்டுவரப்பட்ட நிலவுப் பாறைகளின் ஆக்ஸிஜன் ஐசோடோப்பு விகிதம் பூமியின் பாறைகளோடு மிக நெருங்கி ஒத்திருப்பது இரண்டுக்கும் உள்ள உறவைக் காட்டுகிறது. அந்த மோதலுக்குப் பின் பூமியின் ஒரு நாள் சில மணி நேரமே நீடித்தது. நம் பருவங்களுக்கு அடித்தளமிட்ட சாய்வும் அந்தக் கொந்தளிப்பான காலத்தின் எச்சமே எனக் கருதப்படுகிறது.

யுரேனஸ்: படுத்தபடி உருளும் கோள்

சாய்வின் புதிர் முழு அளவில் வெளிப்படுவது யுரேனஸில். 1781 மார்ச் 13 அன்று இங்கிலாந்தின் பாத் நகரில் வில்லியம் ஹெர்ஷலால் கண்டறியப்பட்ட இக்கோள், சூரியனை ஒருமுறை சுற்ற 84 ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. அச்சு ஏறத்தாழ 98 பாகை சாய்ந்திருப்பதால், அதன் ஒரு துருவம் தொடர்ந்து 42 ஆண்டுகள் பகலிலும், அடுத்த 42 ஆண்டுகள் இரவிலும் இருக்கிறது. 1986 ஜனவரி 24 அன்று வாயேஜர் 2 விண்கலம் அருகில் கடந்து சென்றபோது, யுரேனஸின் தென் துருவம் ஏறக்குறைய நேராகச் சூரியனை நோக்கியிருந்தது. இதுவரை அக்கோளை நெருங்கிச் சென்ற ஒரே விண்கலம் அதுவே.

சாய்ந்திருப்பது கோள் மட்டுமன்று. அதன் வளையங்களும், மிராண்டா, ஏரியல், அம்பிரியல், டைட்டானியா, ஒபெரான் ஆகிய ஐந்து பெரிய துணைக்கோள்களும் கோளின் நிலநடுக்கோட்டுத் தளத்திலேயே, கோளோடு சேர்ந்து படுத்த நிலையில் சுற்றுகின்றன. அந்த வளையங்கள் 1977 மார்ச் 10 அன்று, யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது வெளிப்பட்டன. இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்த அமெரிக்க வானாய்வு விமானம் அதனைப் பதிவு செய்தது. அதே நிகழ்வைத் தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்திலிருந்து இந்திய வானியலாளர்களும் ஒரு மீட்டர் தொலைநோக்கி மூலம் பதிவு செய்தனர்.

யுரேனஸ் இவ்வாறு கவிழ்ந்ததற்குப் பேருருவப் பொருள் ஒன்றின் மோதலே காரணம் என்பது நெடுநாளைய விளக்கம். 2018-இல் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையிலான குழு, 50-க்கும் மேற்பட்ட மோதல் நிலைகளைக் கணினியில் உருவகப்படுத்தியது. பூமியைப் போல் குறைந்தது இருமடங்கு நிறையுள்ள பொருள் மோதியிருந்தால் இன்றைய சாய்வும் சுழற்சியும் கிடைக்கக்கூடும் என அக்குழு கண்டறிந்தது.

எனினும், துணைக்கோள்கள் ஒரு சிக்கலை எழுப்புகின்றன. நிமிர்ந்து நின்ற கோள் ஒரே அடியில் 98 பாகை கவிழ்ந்திருந்தால், அதைச் சுற்றி முன்பே இருந்த துணைக்கோள் பொருள்கள் கலைந்து மீண்டும் திரளும்போது, கோளின் சுழற்சிக்கு எதிர்த்திசையில் சுற்றியிருக்க வேண்டும். ஆனால் இன்று அவை கோள் சுழலும் திசையிலேயே சுற்றுகின்றன. எனவே ஒரே மோதலுக்குப் பதிலாகக் குறைந்தது இரண்டு மோதல்கள் நிகழ்ந்திருக்க வேண்டும் என 2011-இல் பிரான்சின் அலெஸ்ஸாந்த்ரோ மோர்பிடெல்லி உள்ளிட்ட ஆய்வாளர்கள் வாதிட்டனர்.

மோதலே தேவையில்லை என்னும் கருத்தும் உண்டு. யுரேனஸைச் சுற்றிய பெரிய துணைக்கோள் ஒன்று மெல்ல மெல்ல விலகிச் சென்றபோது கோளின் அச்சைப் படிப்படியாகச் சாய்த்தது என்றும், இறுதியில் அதுவே கோளில் விழுந்து மறைந்தது என்றும் 2022-இல் வெளியான ஆய்வு முன்மொழிந்தது. ஒரு துணைக்கோள் தன்னைவிடப் பன்மடங்கு பெரிய கோளை எவ்வாறு சாய்க்க முடியும்? இதற்கான விடை சனியில் இருக்கிறது.

இரண்டாவது காரணம்: ஒத்ததிர்வு

வேகம் குறைந்த பம்பரத்தின் தலை மெல்ல வட்டமிடுவதைக் கண்டிருப்போம். ஆணி தரையில் ஊன்றியிருக்க, பம்பரம் தள்ளாடிச் சுழலும். கோள்களின் அச்சும் அவ்வாறே வட்டமிடுகிறது. பூமியின் அச்சு ஒரு சுற்று முடிக்க ஏறத்தாழ 26,000 ஆண்டுகள் ஆகின்றன. இன்று துருவ நட்சத்திரம் எனப்படும் விண்மீன் எக்காலத்துக்கும் துருவ நட்சத்திரமாக நீடிக்காததற்கு இதுவே காரணம்.

கோள்களின் அச்சைப் போலவே, அவற்றின் சுற்றுப்பாதைத் தளங்களும் ஒன்றன் ஈர்ப்பால் மற்றொன்று மெதுவாக அலைகின்றன. நெப்டியூனின் சுற்றுப்பாதைத் தளம் இவ்வாறு ஒரு சுற்று வர ஏறத்தாழ 19 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. சனியின் அச்சு வட்டமிடும் காலமும் ஏறத்தாழ அதுவே. இந்தப் பொருத்தமே சனியின் சாய்வுக்குத் திறவுகோல் என விஞ்ஞானிகள் கருதுகின்றனர்.

ஊஞ்சலில் அமர்ந்திருக்கும் குழந்தையைச் சரியான கணத்தில் மெல்லத் தள்ளினால் போதும். ஒவ்வொரு தள்ளலும் சேர்ந்து ஊஞ்சல் உயரப் பறக்கிறது. தாளம் தப்பித் தள்ளினால் எவ்வளவு பலம் இருந்தும் பயனில்லை. இவ்வாறு தாளம் ஒத்துப்போவதே ஒத்ததிர்வு. பூமியைப் போல் 95 மடங்கு நிறையுள்ள சனியை மோதலால் சாய்ப்பது எளிதன்று. ஆனால் நெப்டியூனின் நுண்ணிய இழுப்பு, தாளம் தப்பாமல் கோடிக்கணக்கான ஆண்டுகள் தொடர்ந்தால், சனியும் சாயும்.

அந்தத் தாளத்தைப் பொருத்தி வைப்பதில் டைட்டனுக்குப் பங்கு உண்டு. சனியின் மிகப் பெரிய துணைக்கோளான டைட்டன், ஆண்டுக்குச் சுமார் 11 சென்டிமீட்டர் வீதம் சனியை விட்டு விலகிச் செல்வதாகக் காசினி விண்கலத்தின் தரவுகள் உள்ளிட்டவற்றின் அடிப்படையில் 2020-இல் அறிவிக்கப்பட்டது. சூரியன் துணைக்கோளை இழுக்க, துணைக்கோள் கோளின் புடைத்த நடுப்பகுதியை இழுப்பதால், டைட்டன் விலக விலகச் சனியின் அச்சு வட்டமிடும் வேகமும் மாறுகிறது. அவ்வாறு மாறும் வேகம் நெப்டியூனின் தாளத்தோடு பொருந்தும்போது கோள் சாயத் தொடங்குகிறது. யுரேனஸிலும் இதே வகை நிகழ்வு நடந்திருக்கலாம் என்பதே 2022-ஆம் ஆண்டு ஆய்வின் சாரம்.

இதில் மேலும் ஒரு திருப்பம் உண்டு. சனியின் ஈர்ப்புப் புலத்தை ஆராய்ந்த மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஜேக் விஸ்டம் தலைமையிலான குழு, சனி இப்போது அந்த ஒத்ததிர்விலிருந்து சற்றே நழுவி நிற்பதாக 2022 செப்டம்பரில் 'சயின்ஸ்' இதழில் அறிவித்தது. ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகளுக்கு முன் சனியின் துணைக்கோள் ஒன்று கோளை மிக நெருங்கிச் சிதைந்ததால் தாளம் தப்பியது என்றும், அதன் சிதறல்களே இன்றைய வளையங்கள் என்றும் அக்குழு கருதுகிறது. மறைந்துபோன அந்தத் துணைக்கோளுக்கு 'கிரிசாலிஸ்' எனப் பெயரிடப்பட்டது. வளையங்களின் வயது குறித்த விவாதம் இன்னும் முடிவடையவில்லை.

சனியின் சாய்வைத் தொலைநோக்கி வைத்திருக்கும் எவரும் காணலாம். சாய்வு காரணமாகவே அதன் வளையங்கள் சில ஆண்டுகள் அகன்று விரிந்தும், ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை விளிம்பு மட்டும் தெரியுமாறு ஒடுங்கியும் காட்சியளிக்கின்றன. 2025 மார்ச் மாதம் அவை பூமியிலிருந்து பார்ப்போருக்கு ஏறக்குறைய மறைந்தே போயின.

மூன்றாவது காரணம்: நிமிர்த்தும் விசை

சாய்க்கும் விசைகள் இருப்பதுபோல் நிமிர்த்தும் விசையும் உண்டு. கடலில் ஓதத்தை எழுப்பும் ஈர்ப்பு வேறுபாடு, திடமான கோளையும் சிறிதளவு பிசைகிறது. அந்த உராய்வு கோளின் சுழற்சியைத் தளர்த்தி, நீண்ட காலத்தில் அச்சையும் நிமிர்த்திவிடுகிறது. சூரியனுக்கு மிக அருகில் உள்ள புதன் ஏறக்குறைய முழுவதும் நிமிர்ந்து நிற்பது இதனாலேயே.

வெள்ளியின் நிலை வேறு. அதன் அடர்ந்த வளிமண்டலம் தரையில் பூமியைவிட 90 மடங்குக்கும் அதிகமான அழுத்தத்தைத் தருகிறது. சூரிய வெப்பத்தால் அந்த வளிமண்டலத்தில் எழும் அலைவு, கோளின் சுழற்சியை ஒரு பக்கம் திருப்ப, சூரியனின் ஈர்ப்பு மறுபக்கம் திருப்புகிறது. இவ்விரண்டின் இழுபறியில் வெள்ளி இன்று எதிர்த்திசையில், 243 நாள்களுக்கு ஒருமுறை சுழல்கிறது. அங்கு சூரியன் மேற்கில் உதிக்கும். வெள்ளியின் அச்சு உண்மையிலேயே தலைகீழாகக் கவிழ்ந்திருக்கலாம். அல்லது, கவிழாமலே சுழற்சி தளர்ந்து நின்று, பின் எதிர்த்திசையில் தொடங்கியிருக்கலாம் என 2001-இல் பிரெஞ்சு வானியலாளர் ஜாக் லஸ்கர் உள்ளிட்டோர் காட்டினர். இரு வழிகளும் ஒரே இறுதி நிலைக்கே இட்டுச் செல்கின்றன.

நிமிர்ந்து நிற்பதன் பயனை இந்தியாவின் விண்வெளித் திட்டங்களிலும் காணலாம். நம் நிலவின் அச்சு, பூமி சூரியனைச் சுற்றும் தளத்தைப் பொறுத்து 1.5 பாகை மட்டுமே சாய்ந்துள்ளது. அதனால் நிலவின் துருவங்களில் சூரியன் எப்போதும் தொடுவானை ஒட்டியே நிற்கிறது. ஆழமான பள்ளங்களின் அடியில் நீண்ட நெடுங்காலமாக வெயில் விழுந்ததில்லை. அந்த நிரந்தர நிழலில் உறைபனி தங்கியிருப்பதே தென் துருவப் பகுதியின் மீது உலக நாடுகள் கண் வைத்திருப்பதற்குக் காரணம். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 அந்தத் திசையில், ஏறத்தாழ 69 பாகை தெற்கு அட்சரேகையில் தரையிறங்கியது. இதே காரணத்தால், பகலில் 430 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கும் புதனின் துருவப் பள்ளங்களிலும் உறைபனி உள்ளது.

நிலவு தந்த நிலைத்தன்மை

செவ்வாயும் பூமியும் இன்று ஏறத்தாழ ஒரே அளவில் சாய்ந்திருக்கின்றன. ஆனால் இந்த ஒற்றுமை தற்காலிகமானது. பிற கோள்களின் ஈர்ப்பால் செவ்வாயின் சாய்வு ஒழுங்கின்றி, 0 முதல் 60 பாகை வரை அலைந்து திரியக்கூடும் என 1993-இல் லஸ்கரும் அவருடைய சக ஆய்வாளரும் கணக்கிட்டனர். சாய்வு மிகும்போது துருவப் பனி ஆவியாகிக் கோளின் பிற பகுதிகளில் படியும். குறையும்போது மீண்டும் துருவம் திரும்பும். செவ்வாயின் துருவங்களில் பனியும் தூசும் அடுக்கடுக்காகப் படிந்திருப்பது இத்தகைய காலநிலை மாற்றங்களின் பதிவாகக் கருதப்படுகிறது.

பூமிக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை. பெரிய நிலவு ஒன்று அருகிலிருந்து இழுப்பதால் பூமியின் அச்சு வேகமாக வட்டமிடுகிறது. பிற கோள்களின் மெதுவான தாளத்தோடு அது பொருந்துவதில்லை. அதனால் பூமியின் சாய்வு 22.1 பாகைக்கும் 24.5 பாகைக்கும் இடையே மட்டும், ஏறத்தாழ 41,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது.

இந்தச் சிறிய மாற்றமும் வலிமை மிக்கதே. செர்பிய விஞ்ஞானி மிலுடின் மிலன்கோவிச், அச்சுச் சாய்வு, அச்சு வட்டமிடும் போக்கு, சுற்றுப்பாதையின் வடிவம் ஆகிய மூன்றின் மாற்றங்களே பனியுகங்கள் வந்து செல்வதற்குக் காரணம் எனக் கணக்கிட்டார். ஆழ்கடல் படிவங்களில் அந்தக் காலச் சுழற்சிகள் பதிந்திருப்பதை 1976-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் இவை பல்லாயிரம் ஆண்டுகள் எடுக்கும் மாற்றங்கள். கடந்த ஒன்றரை நூற்றாண்டில் புவி விரைவாக வெப்பமடைவதற்கு அச்சுச் சாய்வைக் காரணம் காட்ட இயலாது.

நிலத்தடி நீர் எடுத்ததால் பூமி சாய்ந்ததா?

2023 ஜூன் மாதம் வெளியான ஓர் ஆய்வைத் தொடர்ந்து, 'நிலத்தடி நீரை உறிஞ்சியதால் பூமி 80 சென்டிமீட்டர் சாய்ந்துவிட்டது' என்னும் தலைப்புகள் உலகெங்கும் வலம் வந்தன. வடமேற்கு இந்தியாவின் பெயரும் அதில் இடம்பெற்றதால் இங்கும் பரபரப்பு ஏற்பட்டது. ஆய்வு உண்மையானது. அதற்குத் தரப்பட்ட பொருள்தான் பிழையானது.

தென் கொரியாவின் சியோல் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர் தலைமையிலான குழு, 1993 முதல் 2010 வரை உலகெங்கும் சுமார் 2,15,000 கோடி டன் நிலத்தடி நீர் வெளியே எடுக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டதன் விளைவை ஆராய்ந்தது. அந்த நீரின் பெரும்பகுதி இறுதியில் கடலைச் சேர்ந்தது. பூமியின் மீது எடை இடம்பெயர்ந்ததால், சுழல் அச்சு நிலப்பரப்பை ஊடுருவி வெளிப்படும் புள்ளி, அதாவது சுழல் துருவம், ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் நகர்ந்தது. நீர் அதிகம் எடுக்கப்பட்ட வடமேற்கு இந்தியாவும் மேற்கு வட அமெரிக்காவும் நடு அட்சரேகைகளில் இருப்பதால் அவற்றின் தாக்கம் மிகுதியாக இருந்தது.

இங்கு நகர்ந்தது சூரியனைப் பொறுத்த அச்சின் சாய்வு அன்று. விண்வெளியில் அச்சு நோக்கும் திசை அப்படியே இருக்க, அச்சைப் பொறுத்துப் பூமியின் மேற்பரப்பே சற்று நழுவியது. பம்பரத்தின் ஒரு பக்கம் சிறிது மண் ஒட்டினால், அது சுழலும் மையம் மயிரிழை அளவு விலகுவதைப் போன்றது இது. சுழல் துருவம் ஒவ்வோர் ஆண்டும் இயல்பாகவே பல மீட்டர் அலைகிறது. ஆகவே இந்த 80 சென்டிமீட்டரால் பருவங்கள் மாறுவதில்லை. பருவமழையும் தடம் மாறுவதில்லை.

எனினும், ஆய்வு தரும் எச்சரிக்கையைப் புறந்தள்ளுவதற்கில்லை. ஒரு கோளின் சுழல் துருவத்தை அளவிடத்தக்க விதத்தில் நகர்த்தும் அளவுக்கு நீர் எடுக்கப்பட்டுள்ளது என்பதே அதன் செய்தி. அந்த நீர் கடல் மட்டத்தை 6 மில்லிமீட்டருக்கும் மேல் உயர்த்தியதாக மதிப்பிடப்பட்டுள்ளது. பஞ்சாபிலும் ஹரியாணாவிலும் ஆழ்துளைக் கிணறுகள் ஆண்டுதோறும் இன்னும் ஆழமாகத் தோண்டப்படுவதற்கான காரணமும் அதுவே. கவலைப்பட வேண்டியது சாய்வைப் பற்றி அன்று. வற்றும் நீரைப் பற்றியே.

இனி என்ன?

கோள்களின் சாய்வு முடிந்துபோன வரலாறு அன்று. வியாழனின் பெரிய துணைக்கோள்கள் விலகிச் செல்வதால், இன்று 3 பாகையாக உள்ள அதன் சாய்வு வரும் 500 கோடி ஆண்டுகளில் 30 பாகையைத் தாண்டக்கூடும் என 2020-இல் வெளியான கணிப்பு கூறுகிறது. இன்று நிமிர்ந்து நிற்கும் கோள், நாளை சாயலாம்.

யுரேனஸின் புதிருக்கு விடை காண, அங்கு ஒரு சுற்றுக்கலனையும் அதன் வளிமண்டலத்துக்குள் இறங்கும் ஆய்வுக்கலனையும் அனுப்ப வேண்டும் என அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் 2022-இல் பரிந்துரைத்தன. அக்கோளின் உட்புறம் எவ்வாறு அமைந்துள்ளது என்பதை அதன் ஈர்ப்புப் புலத்திலிருந்து துல்லியமாக அளந்தால், அதனைக் கவிழ்த்தது ஒரு மோதலா, பல மோதல்களா, மறைந்துபோன துணைக்கோளா என்பதைப் பிரித்தறிய வழி பிறக்கும் என விஞ்ஞானிகள் எதிர்பார்க்கின்றனர்.

பூமியைப் பொறுத்தவரை, அதன் சாய்வு அடுத்த சுமார் 10,000 ஆண்டுகளுக்குத் தொடர்ந்து குறைந்து, பின்னர் மீண்டும் கூடத் தொடங்கும். அதுவரை கடக ரேகையின் தெற்கு நோக்கிய பயணம் நீடிக்கும். போபால் சாலையில் தீட்டப்பட்ட கோடு தீட்டிய இடத்திலேயே இருக்கும். அது குறிக்கும் ரேகை மட்டும் அதனை விட்டு விலகிக்கொண்டே செல்லும்.